கூப்பிடு தூரம்

ஐப்பசி பிறந்து, வானம் கறுத்து, ஒழுங்கைகளில் மழைநீர் தேங்கத் தொடங்கும் நாட்களிலே, கடல்கடந்து வாழும் உறவினரிடமிருந்தும் பழைய மாணாக்கரிடமிருந்தும் எமது கைத்தொலைபேசிகளுக்குச் சில நிழற்படங்கள் வந்து சேர்கின்றன. ஆண்டுதோறும் வருபவை, ஆண்டுதோறும் ஒரே தன்மையன. இரண்டே வகையுள் அவற்றை அடக்கிவிடலாம். ஒன்று, மிக அண்மையில் நின்று எடுத்த ஒரு செவ்விலை: அதன் நரம்பின் பின்னல், விளிம்பிலே படர்ந்த கருகல், நுனியில் தொங்கும் ஒரு நீர்த்துளி. மற்றையது, ஏரியும் புற்றரையும் பொன்னிற மரங்களும் மூடுபனியும் ஒருங்கே அடங்கிய ஒரு பெருவெளி. அனுப்புபவர் இலண்டனில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும், இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வகையொன்று வருவது அரிது. அந்த மூன்றாவது வகை ஏன் வருவதில்லை என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

இலையுதிர்காலம் என்பது எமக்குப் பாடப்புத்தகம் தந்த சொல். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளை எம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் ஒன்றுகூட இலை உதிர்வதைக் கொண்டு பெயர் பெறவில்லை. ஆயினும் உலகத்துக்கு நான்கு பருவங்கள் என்று எமது பிள்ளைகளுக்கு மனனஞ் செய்விக்கின்றோம். வகுப்பறைக்கு வெளியே நிற்கும் பூவரசு அந்தக் கணக்கை என்றும் ஒப்புக்கொண்டதில்லை. எனவே அப்படங்களை நாம் காண்பது, ஒருபோதும் சென்றிராத ஊரின் திருவிழாவைக் காண்பது போலத்தான். அதனாற்போலும், ஊராரின் கண்ணுக்குத் தப்பும் ஏதோ ஒன்று சில வேளைகளில் எமக்குத் தென்பட்டுவிடுகிறது.

முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரிடையே இத்தகைய படங்களுக்கு ஒரு தயாரான மறுப்பு உண்டு. பசியும் போரும் சூழ்ந்த உலகில் இலையையும் ஏரியையும் படம்பிடிப்பது பொழுதுபோக்கன்றி வேறென்ன என்பதே அது. மறுப்பு புதியதன்று. 1930களில், உலகம் சிதைந்துகொண்டிருக்கையிலே அமெரிக்கரான அன்சல் அடம்ஸும் எட்வேர்ட் வெஸ்ரனும் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே பிரெஸோன் சலித்துக்கொண்டதாகச் சொல்வர். நாமும் ஒரு காலத்தில் இதனை மேடைகளிற் பலமாகச் சொன்னவர்களே. இன்று அவ்வளவு பலமாகச் சொல்ல நா எழவில்லை. இலையைப் பார்ப்பது குற்றமா என்று கேட்பதைக் காட்டிலும், பார்த்தவர் எதுவரை பார்த்தார், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்று கேட்பதே நேர்மையானது என்று தோன்றுகிறது.

முதலில் இலைக்கு அதன் நியாயத்தைச் செய்வோம். பகல் குறுகி இரவு நீளும்போது, குளிர்நாட்டு மரம் தன் கணக்கைத் தீர்க்கத் தொடங்குகிறது. இலையிலுள்ள பச்சையம் சிதைக்கப்படுகிறது. நைதரசன் முதலாய அரிய சத்துக்கள் இலையினின்றும் கிளைக்குத் திருப்பி எடுக்கப்படுகின்றன. அப்போது வெளிப்படும் மஞ்சள் புதிதாக வந்ததன்று. கோடை முழுவதும் பச்சையின் அடியிலே மறைந்திருந்தது. சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் எனப்படும் அந்நிறப்பொருளைப் பல மரங்கள் இறுதி வாரங்களிலேயே புதிதாக ஆக்குகின்றன. வெயிலடிக்கும் பகலும் குளிர்ந்த இரவும் அதற்கு ஏற்றவை. விழப்போகும் இலைக்கு மரம் ஏன் இவ்வளவு செலவு செய்கிறது? சத்துக்களைத் திருப்பி எடுக்கும்வரை மிகையான ஒளியினின்றும் இலையைக் காப்பதற்கு என்பது ஒரு விளக்கம். விஞ்ஞானிகளிடையே இது இன்னும் முடியாத வழக்கு. இதற்கிடையில் காம்பின் அடியிலே ஒரு மெல்லிய பிரிபடை வளர்கிறது. ஒருநாள் காற்றடிக்க இலை கழன்றுவிடுகிறது. காற்று பறிப்பதாக நாம் எண்ணுகின்றோம். உண்மையில் மரம் முன்னரே கதவைச் சாத்திவிட்டது.

இவ்வளவும் அண்மையில் நின்று பார்த்தோரால் அறியப்பட்டவை. அண்மைப் படம் எடுப்பவரின் உழைப்பும் எளிதன்று. இலையை அதன் உண்மையளவிலே பதிப்பதாயின், வில்லையின் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றரே. நரம்பு தெளிந்தால் காம்பு மங்கும். மூச்சுக் காற்றுப்பட்டாலே இலை அசையும். ஈரத் தரையிற் படுத்து, காற்று ஓயும் ஒரு கணத்துக்காக அரை மணி நேரம் காத்துக்கிடப்பவரை நாம் ஏளனஞ் செய்ய முடியாது. பொறுமையாகப் பார்த்தல் என்பது இன்று அருகிவரும் பண்பு. பேர்லினிற் கலை பயிற்றிய கார்ல் புளொஸ்பெல்ட் என்னும் ஆசிரியர், தம் மாணவருக்கு வடிவங்களைக் கற்பிப்பதற்கென்றே பல்லாண்டுகளாகச் செடிகொடிகளைப் பெருக்கிப் படமெடுத்தவர். 1928இல் நூலாக வந்தபோது உலகம் வியந்த அப்படங்கள், வகுப்பறைக்குரிய கரும்பலகைச் சித்திரங்களாகவே தொடங்கின. ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இதைச் சொல்வதில் ஒரு சிறு பெருமையும் உண்டு.

ஆனால் அந்த 2 மில்லிமீற்றருக்கு ஒரு விலை இருக்கிறது. தெளிந்த இலைக்குப் பின்னால் உள்ளதெல்லாம் நிறக்கூழாகக் கரைந்துபோகிறது. கலைஞர் அதனை விரும்பியே செய்கிறார். பின்புலம் கரைந்தாற்றான் இலை எழும். கரைந்துபோனது எது? முதலில் அந்த மரம். இங்கிலாந்தின் சொந்தக் காடுகளிலே பீச், ஓக், பேர்ச் முதலியன பெரும்பாலும் மஞ்சளாகவும் கபிலமாகவும் செம்பு நிறமாகவுமே மாறுவன. தோட்டங்களிற் காணும் கொழுந்துவிட்டெரியும் செந்நிறம் பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது: யப்பானிய மேப்பிள், வட அமெரிக்க மேப்பிள், வட அமெரிக்கச் சதுப்புநிலங்களிலே வளரும் ரியுப்பலோ. இலையுதிர் காலத்துக்குப் பேர்போன கிழக்கு சசெக்ஸ் ஷெஃபீல்ட் பார்க் தோட்டத்தின் செம்மையில் ஒரு பெரும்பகுதி, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை வாங்கிய ஆதர் சோம்ஸ் என்பவர் நட்டுவித்த ரியுப்பலோ மரங்களுடையது. ஆகவே ஆங்கில இலையுதிர்காலம் என்று நாட்காட்டிகள் காட்டும் அந்தச் சிவப்பு, கப்பலேறி வந்த சிவப்பு. இதிற் பழியொன்றுமில்லை, ஆனால் இலைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதும், அந்த வரலாறு படத்தின் மங்கிய பகுதியிலேயே இருக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நிழற்படக்கலை பிறந்த இடத்திலேயே இக்கேள்வியும் பிறந்துவிட்டது. வில்ற்சயர் மாவட்டத்து லேக்கொக் அபியில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் தல்பொற், 1830களில் ஒளியுணர் தாளின்மீது இலைகளை வைத்து வெயிலிற் காட்டி அவற்றின் உருவைப் பெற்றார். 1844க்கும் 1846க்கும் இடையிற் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட 'இயற்கையின் எழுதுகோல்' என்னும் நூலில் 24 படங்கள் உள்ளன. ஏழாவது படம் ஒரு செடியின் இலை. அதற்கு முந்திய ஆறாவது படத்தின் பெயர் 'திறந்த கதவு'. இருண்ட வாயிலொன்றின் அருகே ஒரு துடைப்பம் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பெருக்கியவர் இல்லை. பத்தாவது படத்தில் ஒரு வைக்கோற்போர், அதிலே ஓர் ஏணி சாய்ந்து நிற்கிறது, ஏறியவர் இல்லை.

இதனைத் தல்பொற்றின் வர்க்கப் புத்தி என்று எடுத்த எடுப்பிலே சொல்லிவிடுவது அவசரம். அக்காலத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் வேண்டியிருந்தது; உயிருள்ளவர் அசைந்தால் உருக் கலைந்துவிடும். துடைப்பம் அசையாது. அதே நூலிலுள்ள 'ஏணி' என்னும் படத்துக்கு மனிதரை அசையாது நிறுத்தி அவர் முயன்றுமிருக்கிறார். தொழில்நுட்பத்தின் குறையே அன்றி மனத்தின் குறை அன்று என்று வாதிடலாம். ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்தக் குறை தீர்ந்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. இன்று ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியிற் படம் பதியும். துடைப்பத்தை ஏந்தியவர் இன்னும் படத்துக்குள் வந்து சேரவில்லை.

இனிப் பெருவெளியைப் பார்ப்போம். இங்கே பொருள் அதிகம். சற்று நின்று செல்லவேண்டும்.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற நாட்டுப்புறக் காட்சிகளிற் பல இயற்கை தந்தவை அல்ல. அவை படமாகப் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்டவை. பதினெட்டாம் நூற்றாண்டிலே நிலவுடைமைப் பிரபுக்கள் தம் மாளிகைகளைச் சுற்றியிருந்த வயலையும் வழியையும் ஊரையும் மாற்றி, ஏரி வெட்டி, குன்று சமைத்து, மரத்தொகுதி நட்டு, இயற்கை போன்ற ஒன்றை உண்டாக்கினர். 'கேப்பபிலிற்றி' என்று பட்டப்பெயர் பெற்ற லான்சலொற் பிரவுண் (1716 - 1783) ஒருவரே நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளில் இவ்வேலையைச் செய்தவர். இத்தோட்டங்களின் முக்கிய உபாயம் ஒன்றுக்கு விந்தையான பெயர்: 'ஹாஹா'. மாளிகைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் இடையே ஒரு பள்ளம் வெட்டி, அதன் உட்பக்கத்தில் மதில் கட்டிவிடுவர். மாளிகையிலிருந்து பார்ப்பவருக்குப் பள்ளமும் தெரியாது, மதிலும் தெரியாது. தம் காலடிப் புல் அடிவானம் வரை ஒரே விரிப்பாகச் செல்வது போலத் தோன்றும். மாட்டுக்கு மட்டும் மதில் தெரியும். வேலியை அகற்றாமல் வேலியின் தோற்றத்தை மட்டும் அகற்றும் இந்த உத்தியை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகிறது. ஒரு சமூக ஒழுங்கையே மண்ணில் வெட்டி விளக்கியதாக வேறெதனைச் சொல்வது? இத்தகைய பெருவெளியை இன்று அகன்ற வில்லையாற் படமெடுப்பவர், தாம் அறியாமலே, ஏற்கெனவே ஒருவர் தீட்டிவைத்த படத்துக்குப் பிரதி எடுக்கிறார்.

டோசெற் மாவட்டத்தில் மில்ரன் அபி என்ற மாளிகையின் அருகே ஒரு சந்தை ஊர் இருந்தது. வீடுகளும் கடைகளும் மதுச்சாலைகளும் பள்ளிக்கூடமும் கொண்ட ஊர். மாளிகைக்குரிய மில்ரன் பிரபுவின் கண்ணை அது உறுத்தியது. 1770களிலும் 1780களிலும் குத்தகைகள் முடிய முடிய வீடுகளை இடித்து, ஊரை இல்லாது ஒழித்து, பிரவுணைக் கொண்டு அங்கே புற்றரையும் ஏரியும் அமைப்பித்தான். குத்தகையை விட்டுக்கொடாது நின்ற ஒருவரின் வீட்டை மூழ்கடிக்க நீரைத் திறந்துவிட்டான் என்றும், அவர் வழக்காடி வென்றார் என்றும் அப்பகுதியில் ஒரு கதை வழங்கும். ஊரவருட் சிலருக்கு, மாளிகையின் கண்ணுக்கு எட்டாத ஒரு பள்ளத்தாக்கிலே, வெள்ளைச் சுவரும் வைக்கோற் கூரையுமாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள் கட்டப்பட்டன. வீடு ஒன்றுக்கு இரண்டு குடும்பங்கள். மில்ரன் அபஸ் என்னும் அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. கதையின் கசப்பு இனித்தான் வருகிறது: இன்று நாட்டுப்புற அழகுக்கு எடுத்துக்காட்டாக நாட்காட்டிகளில் அச்சாவது அந்தக் கிராமத்தின் படமே. ஓர் அழகிய காட்சிக்காக வெளியேற்றப்பட்டவர்களின் புகலிடம் மற்றோர் அழகிய காட்சி ஆகிவிட்டது.

யோர்க்சயரிலுள்ள ஹேர்வுட் மாளிகையின் கதை கடல்வரை நீள்வது. 1759இல் அதற்கு அடிக்கல் நாட்டிய எட்வின் லஸல்ஸின் குடும்பச் செல்வம், கரிபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் அங்கு அடிமைப்பட்டோரின் உடலிலிருந்தும் வந்தது. பிரவுண் அங்கும் ஏரி வெட்டினார்; இலையுதிர் காலத்தில் அந்த ஏரிக்கரைக் காடு செம்பாய் ஒளிரும். 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது, பிரித்தானிய அரசு உடைமையாளருக்கு நட்டஈடாக 20 மில்லியன் பவுண் ஒதுக்கியது. அடிமையாயிருந்தோருக்கு ஒரு சதமும் இல்லை. அந்த நட்டஈட்டுக்காகப் பெற்ற கடனின் கடைசி எச்சம் தீர்ந்தது 2015இல். இலையை நேசிப்பவர் மனிதரையும் நேசிப்பார் என்று சிலர் நம்பிக்கையோடு சொல்வதுண்டு. மரங்களை அத்துணை அன்போடு நட்டு வளர்த்த குடும்பங்களின் கணக்கேடுகள் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்லவில்லை.

இது நிழற்படத்துக்கு முன்னரே ஓவியத்தில் இருந்த வழக்கம். 1750ஆம் ஆண்டளவில் தோமஸ் கெயின்ஸ்பரோ தீட்டிய 'திருவாளர் அன்றூஸும் மனைவியும்' என்ற ஓவியத்தை இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திற் காணலாம். இடப்புறம் மரத்தடியில் துப்பாக்கியோடு கணவனும் நீலப் பட்டுடையோடு மனைவியும். வலப்புறம் அவர்களது நிலம் நெடுந்தூரம் விரிகிறது. அறுவடை முடிந்து கதிர்க்கட்டுகள் நிரையாக நிற்கின்றன. அறுத்தவர், கட்டியவர், அடுக்கியவர் எவருமில்லை. கதிர்கள் தாமாகவே விழுந்து தாமாகவே கட்டுண்டன போலும்! இவ்வோவியம் இயற்கையின் வழிபாடன்று, உடைமையின் பிரகடனம் என்று 1972இல் ஜோன் பேர்ஜர் எடுத்துக்காட்டியதை எமது வாசகருட் பலர் அறிவர்.

இங்கே எமது மொழிக்குள்ளிருந்து ஒன்றை நினைவுகூரலாம். சுட்டு மூன்று என்றார் தொல்காப்பியர். இகரம் அண்மைக்கு, அகரம் சேய்மைக்கு, மூன்றாவது உகரம். தமிழகப் பேச்சிலே பெரிதும் வழக்கொழிந்துபோன அந்த மூன்றாவது சுட்டு யாழ்ப்பாணத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. 'உது என்ன?' என்கின்றோம். 'உவன் எங்கே போகிறான்?' என்கின்றோம். இதுவும் அன்று, அதுவும் அன்று. கேட்பவரின் பக்கத்தில் உள்ளது, அல்லது இருவருக்கும் நடுவான தூரத்தில் உள்ளது. கையெட்டும் தூரத்துக்கும் கண்ணெட்டும் தூரத்துக்கும் இடையில் ஒரு தூரம் உண்டு. அதற்கும் எம்மிடம் ஒரு பெயர் உண்டு: கூப்பிடு தூரம்.

அண்மைப் படத்திலும் அகன்ற படத்திலும் ஒருங்கே தொலைவது இந்தத் தூரமே. முன்னதில் அது கரைந்துவிடுகிறது. பின்னதில் அது சுருங்கிவிடுகிறது. இது வெறும் உவமை அன்று, வில்லையின் கணக்கு. 24 மில்லிமீற்றர் வில்லையினூடாக, 100 மீற்றர் தொலைவில் நிற்கும் ஒருவரைப் படமெடுத்தால், 35 மில்லிமீற்றர் படச்சுருளில் அவரது உருவத்தின் உயரம் அரை மில்லிமீற்றர்கூட இராது. 100 மீற்றர் என்பது உரத்துக் கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூடிய மனிதர், படத்திலே ஓர் எறும்பின் அளவுக்கும் குறைந்து, பனியோடு பனியாகிவிடுகிறார். ஆனால் மனிதர் வேலை செய்வதும், ஒருவரையொருவர் ஏவுவதும், கூலி கொடுப்பதும் மறுப்பதும் இந்தத் தூரத்திலேயே நிகழ்கின்றன. ஹாஹாப் பள்ளம் வெட்டப்பட்டதும் இந்தத் தூரத்திலேதான்.

அப்படியானால் நடுத்தூரத்தில் ஒரு தொழிலாளியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாற் போதுமா? போதாது. இதற்குச் சான்று தேட இங்கிலாந்துக்குச் செல்லவேண்டியதில்லை. எமது மலையகத் தேயிலை விளம்பரங்களைப் பாருங்கள். பச்சைச் சரிவின் நடுவே, சரியான தூரத்தில், கூடை சுமந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் படத்தில் இருக்கிறாள். ஆனாலும் அங்கே இல்லை. சரிவுக்கு அவள் ஒரு நிறப்பொட்டு. அவளது லயத்தின் கூரையை அந்தச் சட்டம் தவிர்த்துவிட்டது. அவளது நாட்சம்பளத்தை அந்தச் சிரிப்பு மூடிவிட்டது. கூப்பிடு தூரம் என்பது இருவழிப்பட்டது என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும். நாம் கூப்பிட அவர் கேட்பது பாதி. அவர் கூப்பிட நாம் கேட்பது மறுபாதி. அந்த மறுபாதி இல்லாத இடத்தில், மனிதர் இல்லாத படமே ஒருவகையில் நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம். குறைந்தபட்சம் அது பொய்ச் சிரிப்புக் காட்டுவதில்லை.

இந்தச் சிக்கலை வாழ்நாள் முழுவதும் சுமந்த ஒருவரை இங்கே சொல்லாமற் போவது தகாது. பேய் கொட்வின் 1931இல் பேர்லினிற் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த பெண் கலைஞர், 2005இல் மறைந்தார். 1985இல் வந்த 'நிலம்' என்ற அவரது நூல் கறுப்பு வெள்ளைப் பெருவெளிகளாற் புகழ்பெற்றது. அத்தோடு நின்றிருந்தால் அவரும் நல்ல காட்சி எடுப்பவர்களுள் ஒருவராகவே எண்ணப்பட்டிருப்பார். ஆனால் முக்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து, எங்கெல்லாம் தம்மைத் தடுத்தார்கள் என்பதை அவர் கவனிக்கத் தொடங்கினார். 1987 முதல் 1990 வரை நடைப்பயணிகள் சங்கத்தின் தலைவராயிருந்தார். 1990இல் வெளிவந்த 'விலக்கப்பட்ட எம் நிலம்' என்ற நூலிலே அதே வானமும் அதே குன்றுகளும் இருக்கின்றன. ஆனால் அவற்றின் குறுக்கே கம்பிவேலி, பூட்டிய கதவு, உள்ளே வரக்கூடாதென்ற அறிவித்தற் பலகை. ஹாஹா மறைத்ததை அவரது கமரா மேலே தூக்கிவைத்தது.

அவர் நடந்த பாதைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1932 ஏப்பிரல் 24ஆம் நாள், மஞ்செஸ்ரர் சுற்றுப்புற ஆலைத் தொழிலாளரும் வேலையற்ற இளைஞரும், வேட்டைப் பறவைகளுக்காகப் பிரபுக்கள் அடைத்துவைத்திருந்த கிண்டர் ஸ்கவுற் மலைமேட்டில் அத்துமீறி ஏறினர். ஐவர் சிறை சென்றனர். அவர்கள் கேட்டது நிலத்தை அன்று, நடக்கும் உரிமையை. ஞாயிற்றுக்கிழமையில் ஒரு குன்றின்மேல் நின்று பார்க்கும் உரிமையை. பெருவெளியைக் காண்பது சோம்பேறிகளின் சுகம் என்று எண்ணும் எமது தோழர்கள் இதனைச் சற்றே சிந்திக்கவேண்டும். திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமை சட்டமானது 2000ஆம் ஆண்டிலேதான்.

பேய் கொட்வின் தம் இறுதிக்காலத்தில் மற்றொன்றும் செய்தார். பெருவெளிகளை விட்டு, கண்ணாடியின் பின்னாலும் ஈரத்தின் ஊடாகவும் தெரியும் இலைகளையும் பூக்களையும் மிக அண்மையில் நின்று வண்ணத்தில் எடுத்தார். போராளி அலங்காரத்துக்குத் திரும்பிவிட்டார் என்று சிலருக்கு ஏமாற்றம் தோன்றியிருக்கலாம். எமக்கு அப்படித் தோன்றவில்லை. வேலியைப் பார்த்த கண் இலையைப் பார்க்கும்போது அது வேறு கண். அந்த இலைகள் எவருடையவோ வேலிக்குள் இருப்பவை என்பதை அவர் மறந்திருக்க முடியாது. ஆனால் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டால், எம்மிடம் நேரான பதில் இல்லை. ஒரு படம் தன்னுள் இல்லாததைத் தானே சொல்லமுடியாது. அதற்குப் பக்கத்துப் படம் வேண்டும். சில வேளை ஒரு வசனம் வேண்டும். சில வேளை எடுத்தவர் யார் என்று தெரியவேண்டும்.

எடுத்தவர் யார் என்ற கேள்விதான் எம்மை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

எம்மிடம் உயர்தரத்திற் கற்ற மாணவர் ஒருவர் இப்போது இங்கிலாந்திலே, ஒரு பெருந்தோட்டத்தில், ஒப்பந்தக்காரர் ஒருவரின் கீழ் வேலைசெய்கிறார். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஒக்டோபர் தொடங்கி மார்கழி வரை அவரது வேலை இலை அள்ளுவது. புற்றரையில் ஈர இலை படிந்து கிடந்தால் அடியிலுள்ள புல் வெளிச்சமின்றி அழுகிவிடும். கற்பாதையிற் கிடந்தால் வருவோர் வழுக்கி விழுவர். ஆகவே முதுகிலே காற்றூதும் இயந்திரத்தைச் சுமந்து, விடியுமுன் இலைகளை ஒதுக்கிக் குவித்து, வண்டியில் ஏற்றி, மக்கவைக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். எல்லா இலையையும் அள்ளுவதும் கூடாது. ஏரிக்கரையில், மேப்பிள் மரத்தடியில், பார்ப்பவர் மகிழும்படி ஓரளவு விட்டுவைக்கவேண்டும். எங்கே விடுவது, எவ்வளவு விடுவது என்பதை மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உதிர்ந்து கிடப்பது போலத் தெரியும் அந்தச் செங்கம்பளமும் ஒரு கூலி வேலைதான் என்பதை நாம் அவரிடமே அறிந்தோம்.

எமக்கு ஆண்டுதோறும் படம் அனுப்புவோருள் அவரும் ஒருவர். அவரது படங்கள் மற்றவருடையவற்றைவிட நன்றாயிருக்கும். மரங்களை அவர் அறிவார். சென்ற ஐப்பசியிலும் இரண்டு வந்தன. ஒன்று, உறைபனி விளிம்பிட்ட ஒரு மேப்பிள் இலை. மற்றொன்று, சூரியன் எழும் வேளையில் ஏரியும் மறுகரை மரங்களும். இரண்டும் வழக்கமானவையே. ஆயினும் அந்த வேளையில் அந்த வெளிச்சத்தில் அந்த இடத்தைக் காணும் பேறு, நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே வருவோர் எவருக்கும் வாய்ப்பதில்லை என்பது பிறகுதான் எமக்கு உறைத்தது. அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீர் எங்கே, உம்மைக் காணவில்லையே என்று எழுதினோம்.

"படம் எடுத்தது நான்தானே சேர், நான் எப்படிப் படத்தில் வருவது?" என்று பதில் வந்தது.

உடன் வேலைசெய்பவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, ஏரிக்கரையில் ஒரு படம் எடுத்து அனுப்பும் என்று மீண்டும் எழுதினோம். அதற்குப் பதில் வர இரண்டு நாளாயிற்று.

"வெளிச்சம் வரும்போது கதவு திறந்துவிடுவார்கள் சேர். கதவு திறந்த பிறகு நாங்கள் அந்தப் பக்கம் நிற்கக்கூடாது."